ஒரு கண்ணுக்கு மட்டும் சோம்பல்

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அத்தான்தான் முதலில் குறுக்கே வந்து நிற்கிறார். எங்கே போனாலும் அவருக்கு அதே வேலை. ஆகவே அவரை முதலில் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுகிறேன். மீன் மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் புரொபசர். அது கிண்டலுக்கு வைத்த பெயர் என்பது அந்த மார்க்கெட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

கடை அக்காவுடையது. அப்பாவுக்குப் பிறகு அவள்தான் அந்தப் பலகை முன்னால் நின்றாள். எவ்வளவு பெரிய மீனானாலும் தலையை ஒரே வெட்டில் எடுப்பாள். நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை இழுத்தால் முள்ளில் சதை ஒட்டியிருக்காது. கையைவிட வாய் இன்னும் கூர்மை. பேரம் பேச வந்தவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்கள். அத்தானின் பங்கு, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து உலக விஷயம் பேசுவது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் இமைகள் சாயங்காலமானால் இறங்க ஆரம்பித்தன. அப்புறம் தாடை. முதல் நாலு வாய் நன்றாக மெல்லுவாள், போகப் போகத் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள். பேச்சு மூக்கால் வந்து, நடுவிலேயே தேய்ந்து போகும். தலை வாரக் கை தூக்கினால் பாதியில் இறங்கிவிடும். ராத்திரி தூங்கி எழுந்தால் பழைய அக்கா. குளிர் பட்டால் கைக்குக் கொஞ்சம் தெம்பு வரும். கடையில் கைகள் ஐஸ் பெட்டிக்குள்ளேயே கிடப்பதால் அங்கேயும் ஒருவாறு சமாளித்தாள்.

புரொபசருக்கு இது போதாதா?

"கடையில நல்லாத்தான் நிக்கறா. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் பார்த்ததும் கண்ணு சொருகுது. இது வியாதியா, வேலைக்குக் கள்ளமா?"

இத்தோடு விட்டாரா? யார் வீட்டுக்கு வந்தாலும் ரெண்டு ஐஸ் துண்டை எடுத்து அவள் இரண்டு இமைமேலும் வைத்துக் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் இமைகள் மேலே போகும். "பார்த்தீங்களா? சுரீர்னு பட்டதும் சோம்பல் ஓடிடுச்சு!" என்று வித்தை காட்டுகிறவர் மாதிரி கையை விரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். தன் பங்கு வைத்தியமாக நரம்புக்கு டானிக் வாங்கித் தந்தார். தினமும் சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்தால் அவளால் துண்டைக்கூடப் பிழிய முடியாது.

டாக்டர்களிடமும் கூட்டிப் போனார், இல்லை என்று சொல்லவில்லை. கடை லீவு நாளில், காலையில், அவள் தூங்கி எழுந்த கையோடு. டாக்டர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். கண்ணைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தாள். "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் வரும் நோயைக் காலையில் தேடிய அந்த மேதைகளையும் அத்தான் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும்.

கடைசியில் ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தார். "கத்தியையும் கடையையும் என் தங்கச்சி பார்த்துக்கட்டும். இவ வீட்டோட கிடக்கட்டும்." அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது. "பாருங்க, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலை. அவளுக்கும் சம்மதந்தான்" என்றார் அத்தான். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதையும் சம்மதத்தில் சேர்த்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு டாக்டர், அத்தான். அப்புறம் உங்க இஷ்டம்" என்று நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் சாயங்காலம்தான் விடுவார்கள். அதனால் நரம்பு டாக்டரம்மாவைச் சாயங்காலம்தான் பார்க்க முடிந்தது. அதிர்ஷ்டம் என்றால் அதுதான்.

அக்கா தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் முந்திக்கொண்டார். "சோம்பல்தான் டாக்டர். ஐஸ் வெச்சா கண்ணு தானா தொறந்துக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க? ஐஸ் வெச்சா இமை தூக்குதா?"

மருந்து ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வந்தது. அதை ரப்பர் கையுறைக்குள் போட்டு அக்காவின் ஒரு கண்மேல் மட்டும் ரெண்டு நிமிஷம் வைத்திருந்தார். எடுத்தார். அந்தக் கண் திறந்து எங்களைப் பார்த்தது. மற்றது மூடியேதான் இருந்தது.

"சோம்பல்னீங்களே சார், ஒரு கண்ணுக்கு மட்டும் எப்படிச் சுறுசுறுப்பு வந்துச்சு?"

அத்தான் குனிந்து திறந்த கண்ணையும் மூடிய கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னார். "நரம்பு தசையைத் தொடறதே இல்லம்மா. நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருக்கு. நரம்பு நுனி வரைக்கும் மின்சாரத் துடிப்பு வரும். அங்க ஒரு ரசாயனம் வெளியே வந்து, இடைவெளியைத் தாண்டி, தசையில அதை வாங்கிக்கிற ஏற்பிகள்ல போய் ஒட்டும். ஒட்டினாத்தான் தசை சுருங்கும். உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளை அடைச்சு அழிக்குது. ஓய்வுக்கு அப்புறம் முதல்ல ரசாயனம் நிறைய வரும், எப்படியோ சமாளிச்சுடும். திரும்பத் திரும்ப வேலை வாங்கினா ஒவ்வொரு தடவையும் வர்ற அளவு குறையும். நல்லா இருக்கிறவங்களுக்கு அதுவே போதும். உங்களுக்குப் பத்தாது."

"அப்ப ஐஸ்?" என்றேன்.

"அந்த ரசாயனத்தை உடனுக்குடன் உடைக்கிற ஒரு நொதி இருக்கு. குளிர்ல அது மந்தமாயிடும். ரசாயனம் கொஞ்ச நேரம் கூடத் தங்கும். சூட்டுல எல்லாம் தலைகீழ்."

வெந்நீர் நிபுணர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் மூளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நரம்பும் சரியாகத்தான் கொண்டு வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் அடைப்பு. எங்கள் வீட்டு நிலவரமும் அதுவேதான்.

ரத்தப் பரிசோதனையும், நரம்பில் அடுத்தடுத்து மின்துடிப்பு கொடுத்துப் பார்த்ததும் அதையே சொல்லின. முழுசாகப் போகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. எதிர்ப்புச் சக்தியை அடக்க ஒரு மருந்து, அந்த நொதியைத் தடுத்து வைக்க ஒரு மாத்திரை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மார்க்கெட்காரர்கள் அக்காவைப் பார்க்க வந்தார்கள். அத்தான் அன்று அறிவித்தபடியே கத்தியை வாங்கிப் போக அவர் தங்கையும் வந்திருந்தாள். அத்தான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்துவிட்டார். "பெரிய பெரிய டாக்டர்களுக்கே தெரியலை. நான்தான் ஐஸ் வெச்சுக் கண்டுபிடிச்சேன்!" வெட்கம் என்பது ஒரு நரம்பானால், அவருக்கு அது பிறவியிலேயே இல்லை.

அக்கா உள்ளேயிருந்து கத்தியோடு வந்தாள். இரண்டு இமைகளும் மேலே இருந்தன. கத்தியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அத்தானுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்திரை போட்டிருக்கேன்" என்றாள். குரல் மூக்கால் வரவில்லை, தேயவுமில்லை. "ரெண்டு வருஷமா நீங்களே எனக்கும் சேர்த்துப் பேசிட்டீங்க. இப்ப உட்காருங்க. எனக்குச் சம்மதமில்லாததை எல்லாம் ஒவ்வொண்ணா சொல்றேன்."

அத்தான் உட்கார்ந்தார்.