முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டே நாள்தான்: செவ்வாய், வெள்ளி. அந்த இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் கட்டிலில் கிடக்க வேண்டும். நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மாரி பிறந்தால் வயல் வட்டைக்கு நடுவால் போகும் பாதை முழங்காலளவு சேற்றுக் களியாகும். அதைத் தாண்டினால், ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்.

ஊரில் எனக்குப் பகிடிக்காரன் என்று பெயர். உண்மையில் நான் பயந்தாங்கொள்ளி. வாய் ஓயாமல் இருந்தால் நெஞ்சு அடிக்கிற சத்தம் வெளியே கேட்காது, அவ்வளவுதான். அந்த வருடம் முதல் மேகத்தைக் கண்டதுமே பயந்து, பயந்த கையோடு என் பழைய ஜீப்புக்கு இடுப்பளவு டயர் நான்கு வாங்கிப் பூட்டினேன். வண்டி நன்றாக உயர்ந்தது. நகரத்தான் மறுத்தது. முதல் கியரிலும் கிளச் கருகி மணக்க, வயிறு முட்டத் தின்ற எருமைபோல எழும்பியது.

ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும், எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யானைட கால ஆட்டுக்குப் பூட்டி இரிக்கீங்க தம்பி. ஆடு என்ன செய்யும்?"

அச்சுக்குள் ஒரு சின்னப் பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. என்னுடையதில் சின்னது நாலு தரத்துக்குச் சற்றுக் கூடச் சுற்றினால் வண்டிச் சில்லு ஒரு தரம் சுற்றும். டயர் பெருத்ததால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடத் தூரம் போக வேண்டும், எஞ்சினுக்கு அதற்குச் சக்தி இல்லை. சின்னது இன்னும் கூடத் தரம் சுற்றுகிற சோடியாக மாற்ற வேண்டும். நாலரைச் சோடி ஒன்று இருந்தது, ஐந்துக்குக் கிட்டிய சோடி ஒன்று இருந்தது. நாலரை என்றால் வெள்ளத்தில் நின்றுவிடுமோ, ஐந்து என்றால் ஊர்ந்து ஊர்ந்து எட்டு மணி தவறுமோ என்று ஒரு கிழமை கலண்டரின் பின்பக்கத்தில் பெருக்கிப் பிரித்தேன்.

"நீங்க கொழும்புக்கா ஓடப்போறீங்க?" என்றார் காக்கா. "களிக்கயும் தண்ணிக்கயும் ஓடுறவருக்கு இழுவதான் வேணும். அஞ்ச எடுங்க. ரெண்டு அச்சுக்கும் ஒரே சோடி."

பின் அச்சுக்கு உரியது மட்டும் வந்தது. முன்னுக்கு இரண்டு கிழமை பிந்தும் என்றார்கள். மழையோ வந்துவிட்டது.

"இப்ப பின்னுக்கு மட்டும் போடுங்க காக்கா."

"போடலாம். ஆனா, முன்னுக்கும் வரும்வரைக்கும் நாலு சில்லும் இழுக்கிற போர் வீல் போடப்படாது. முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கெண்டா ரெண்டும் ஒண்ட ஒண்டு இழுக்கும். களியில வழுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில நடுவில இரிக்கிற கியர்ப் பெட்டி வெடிக்கும்."

"சத்தியமாப் போடமாட்டன்."

"பயந்தவன்ட சத்தியம் தண்ணியக் கண்டாக் கரைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டுதான் பூட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை விடிய, பக்கத்து வளவுக்காரர் டிரக்டரோடு வாசலுக்கு வந்தார். பின்னால் கொளுவிய பெட்டியில் வைக்கோல் பரப்பியிருந்தார். "அண்ணன ஏத்துங்க, நான் கொண்டு போறன்." அண்ணன் அதை நோக்கி நடக்கவும் தொடங்கிவிட்டார்.

"ஒங்கட பெட்டியில போனா அண்ணன்ட எலும்பு ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொண்டாத்தான் போய்ச் சேரும்" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வட்டைப் பாதையில் பாதி தூரத்தில் பின்சில்லு இரண்டும் களியில் சுழன்றன. நான் போர் வீல் கம்பியை இழுத்தேன். வண்டி விரால் மீன்போல வழுக்கிக்கொண்டு போனது.

"காக்கா வேணாமெண்டவரெல்லோ?" என்றார் அண்ணன்.

"களிக்க பரவாயில்ல அண்ண. தாம்போதி வரக்குள்ள கழட்டிருவன்."

கழற்றத்தான் நினைத்தேன். ஆனால் தாம்போதியில் ஓரக்கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் மண்ணிறத் தண்ணீர். நாலு சில்லும் பிடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டை விடுவானேன் என்று பயம் கேட்டது. கம்பிக்குப் போன கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தண்ணீருக்கு அடியில் கெட்டிக் கொங்கிறீற் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரம் தெரியாது. ஸ்டியரிங் இறுகியது. சில்லுகள் துள்ளின. நடுத் தாம்போதியில் காலடியில் ஏதோ வெடித்தது. பிறகு எஞ்சின் சும்மா இரைந்தது, எந்தச் சில்லும் சுற்றவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் ஆசனத்தின் மேல் ஏறி நின்று "அம்மா" என்று கத்தியவன் நான். கணுக்கால் நனைய இருந்த நோயாளி நிமிர்ந்து பார்த்தார். "கத்தாத. தண்ணி உள்ள போயிரும். எனக்குத்தான் தண்ணி கூடாது, நீயாவது கவனமா இரி."

டிரக்டர்காரர் என்னை நம்பாமல் பின்னாலேயே வந்திருந்தார். ஜீப் வழியை அடைத்து நின்றதால் எங்களை எங்கள் கரைக்கே திருப்பி இழுக்கத்தான் முடிந்தது. அதற்குள் தண்ணீர் இன்னும் ஏறி, பாதையை மூடிவிட்டார்கள்.

இரண்டு நாள். அண்ணனின் முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது, ஆகவே என் முதுகில் தன் முதுகைச் சாய்த்து இருந்தார். எனக்குத் தெரிந்த பகிடியெல்லாம் சொன்னேன்.

"இப்ப வேணாம்டா" என்றார். "சிரிக்க மூச்சில்ல."

ஞாயிறு தண்ணீர் வற்ற, அதே டிரக்டர்ப் பெட்டியில், அதே வைக்கோலில் கொண்டுபோனோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் அவரைப் பார்த்ததும் கேட்டார், "வெள்ளிக்கிழமை ஏன் வரல்ல? உங்கட பக்கத்தால மற்ற ஆக்கள் விடிய முந்தியே டிரக்டர்ல வந்தவங்கதானே."

"அலுப்பா இருந்தது டொக்டர்" என்றார் அண்ணன், மூச்சை விட்டு விட்டு. "நான்தான் வரமாட்டன் எண்டு படுத்திட்டன்."

டொக்டர் அவரைப் பள்ளிப் பிள்ளையை ஏசுவதுபோல ஏசினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய உடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த இரண்டு நாளில் இதயம் பழுதாகிவிட்டது என்றார்கள். வெள்ளாமை வெட்டும் வரைக்கும் அண்ணன் உயிரோடு இருந்தார். டொக்டரிடம் சொன்னதை அவர் யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை.

அவர் போன முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், "பிடிவாதக்கார மனிசன். ஒரு நாள் போகாமப் படுத்தாராம், அதுதான் கொண்டுபோனது."

நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.