ரத்தம் நார்மல், ரமணி நார்மல் இல்லை

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பினாங்கு ஜெலுத்தோங்கில் பள்ளி வேன் ஓட்டும் ரமணியைப் பற்றி எழுத ஆளில்லை. அதனால் நான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான் நான். ஆனால் இன்றைக்கு ஜார்ஜ் டவுனில் நாலு மஞ்சள் வேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறது என்றால், நாலும் இந்தக் கார்த்திகேசுவுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, லாரி ஓட்டி, யாரிடமும் கைநீட்டாமல் வாங்கியவை. ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். ரமணியையும் அப்படித்தான் போட்டேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். பாயான் பாருவில் அவள் வேலை பார்த்த ஃபேக்டரி ஆள் குறைத்துவிட்டது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, வேன் லைசென்ஸ் எடுத்துட்டேன். வேலை குடுங்க."

"பொம்பள வேன் ஓட்டுனா பெத்தவங்க பிள்ளைய அனுப்புவாங்களா?"

"ஆம்பள ஓட்டுற லட்சணத்த தினமும் ரோட்டுல பாக்குறாங்கதானே லா. கண்டிப்பா அனுப்புவாங்க."

ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் கார் நின்ற சந்தில் ஒரே மூச்சில் எடுத்தாள். அன்றைக்கே சாவியைக் கொடுத்தேன். அந்த மாதிரி முடிவெடுக்க எல்லாராலும் ஆகாது.

அவள் வேலையில் ஒரு தனித்தன்மை உண்டு. ஃப்ளாட் வாசலில் ஹார்ன் அடித்தால் மேலே இருந்து திட்டு விழும். அதனால் ரமணி ஹார்னைத் தொடவே மாட்டாள். கீழே நின்று பேர் சொல்லி ஒரு குரல் கொடுப்பாள், அவ்வளவுதான். பத்தாவது மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த பிள்ளை பையோடு லிஃப்டில் இறங்கும். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சையன்று மட்டும் வயிறு வலிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தைராய்டு என்றார்கள். கழுத்துச் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு நாள் தவறாமல் போட்டாள். ஆளும் பழையபடி ஆகிவிட்டாள்.

போன வருஷம் மறுபடி ஆரம்பித்தது. முதலில் முடி கொட்டியது. சீவினால் சீப்பு நிறைய வருகிறது என்று வருத்தப்பட்டாள். அப்புறம் உடம்பு கனத்தது, முகம் ஊதியது. பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேன் ஓட்டினாள். குரல் கட்டிப்போய் மூன்றாவது மாடியைத் தாண்டவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், நார்மல். இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நார்மல்.

"எல்லாம் மனசுதான்னு சொல்லுறாங்க அண்ணே. நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றாள்.

ஒரு நாள் கிரீன் லேன் சந்திப்பில் பச்சை விழுந்தது. வேன் நகரவில்லை. பின்னால் எல்லாரும் ஹார்ன். ரமணி கண்ணைத் திறந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள்தான் தோளைத் தட்டி, "ஆன்ட்டி, பச்சை போயி மறுபடி சிவப்பே வந்துருச்சு" என்றார்களாம். சாயங்காலத்துக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது மெசேஜ்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் யாருக்கும் இளகமாட்டேன். சாவியை வாங்கிக்கொண்டேன். "ஒரு மாசம் டைம். அதுக்குள்ள சரியாகலன்னா வேற ஆளு" என்றேன். ஷஃபீக் என்று ஒரு டிரைவர், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வருவதாகப் பேசியும் வைத்தேன். அதுவரை நானே ஓட்டினேன். அறுபத்தெட்டு வயதில் இதைச் செய்ய எத்தனை முதலாளிக்குத் தெம்பு இருக்கிறது?

ரமணி சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. பழைய ரமணி என்றால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். காகிதம் என்ன சொன்னாலும் சரி, இது நார்மல் ரத்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நாளைக்குக் கிளினிக்குக்கு நானும் வர்றேன்" என்றேன்.

டாக்டர் நஸீஹா, சின்னப் பெண். எனக்காக நிதானமாக மலாயில் பேசினார். ரிப்போர்ட் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், கேட்டார்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர். இது ஒண்ணுதான்."

"ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு. மருந்தை இதே அளவுல வச்சு, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்."

எனக்குச் சூடு ஏறிவிட்டது. மருந்தில் குறை இல்லை என்றால், நான்தான் என் ஆளைப் பட்டினி போட்டு வேலை வாங்குகிறேன் என்று இந்தப் பெண் நினைத்தால்?

"டாக்டர், கார்த்திகேசு தன் ஆளுங்கள எப்படி வச்சிருக்கான்னு விசாரிச்சுப் பாருங்க. தீபாவளிக்கு அரிசி, எண்ணெய். இவளுக்கு முடி கொட்டுதுன்னதும் மாசா மாசம் ஒரு போத்தல் வைட்டமின் நானே வாங்கிக் குடுக்குறேன். எந்த முதலாளி செய்வான்?"

டாக்டரின் கை கீபோர்டில் நின்றது. "என்ன வைட்டமின்?"

"அது மருந்து இல்லையே டாக்டர்" என்றாள் ரமணி. "முடிக்குத்தானே? ஷாம்பு மாதிரி."

என் மருமகள் குமுதா டைரக்ட் சேல்ஸ் செய்கிறாள். போத்தல் அவளிடம் வாங்கியது. உடனே அவளுக்குப் போன் போட்டேன், படம் அனுப்பினாள். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார். "பயோட்டின். பத்தாயிரம் மைக்ரோகிராம்."

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த மாத்திரை விஷம் இல்லை. ஆனால் சில மெஷின்கள் ரத்தத்தில் தைராய்டை அளக்கும்போது இது உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். ஏறியிருப்பதை இறக்கிக் காட்டும், குறைந்திருப்பதைக் கூட்டிக் காட்டும். பார்த்தால் எல்லாம் நார்மல். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

காரில் ஏறித் திரும்பினோம். டத்தோ கெராமாட் ரோடு வந்ததும் ரமணி சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு நல்ல மனசு அண்ணே. கொஞ்சம் கெட்ட மனசா இருந்திருந்தா என் வேன் போயிருக்காது."

"நான் வாயத் தொறந்ததாலதானே தெரிஞ்சுது?"

"அதையும் ரெண்டு மாசம் முன்னாடி தொறந்திருக்கலாமே லா."

வீட்டில் குமுதா, "மாமா, என் பொருள்மேல பழி போடாதீங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பொருளுக்குப் பழி இல்லை. டாக்டரிடம் சொல்லாததுதான் தப்பு. இதைப் படிக்கிறவர்கள் முடிக்கு, நகத்துக்கு, மூட்டுக்கு என்று எது விழுங்கினாலும் போத்தலோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் குட்டு வெளிப்பட்டது. நாலு சொச்சத்துக்குள் இருக்க வேண்டிய தைராய்டு நம்பர் இருபத்திரண்டு! சுரப்பி மந்தமாக மந்தமாக அது ஏறுமாம். ரமணி அந்தச் சீட்டை எனக்குப் பரீட்சை ரிசல்ட் மாதிரி நீட்டினாள். அழுகையும் சிரிப்புமாக, "என் மனசு இல்ல அண்ணே, பாத்தீங்களா?" என்றாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை வேன் வேண்டாம் என்றார்.

நான் கொடுத்த மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. சொன்ன சொல்லை மாற்றியே பழக்கமில்லாதவன் நான். ஷஃபீக்குக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன். அவன் திட்டினான். வாங்கிக்கொண்டேன். இன்னும் ஆறு வாரம் நானே ஓட்டினேன்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை. வேனை ஸ்டார்ட் பண்ணி உட்கார்ந்திருக்கிறேன். ரமணி வந்தாள். ஸ்வெட்டர் இல்லை. கையில் டாக்டர் கடிதம்.

"இறங்குங்க அண்ணே."

"இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு..."

"லெட்டரைப் படிங்க. படிக்க முடியலன்னா நான் படிக்கிறேன். பிள்ளைங்க எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு அழுவுதுங்க. நீங்க பிரேக் போட்டா பின்சீட்டுப் பிள்ளை முன்சீட்டுக்கு வருதாம்."

"யாரு சொன்னது? பேரச் சொல்லு!"

"சொல்லமாட்டேன். இறங்குங்க, நேரமாச்சு."

லெட்டரைப் படித்தேன். மலாயில் நாலே வரி. ஓட்டலாம் என்று இருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது, எடுத்துக் கொடுக்கவும் தேவையில்லை. நான் இறங்கினேன். அவள் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, என்னைப் பார்க்காமலே கிளம்பிப் போனாள்.