தலைகீழாகச் சாய்ந்த சலூன்காரர்

எங்கள் தெருமுனைச் சலூன்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆடாதே'. வருகிறவர் தலையைப் பிடித்து நாளெல்லாம் அவர் சொல்வது அதைத்தான். போலீஸ் அதிகாரியானாலும் சலுகை கிடையாது.

சில மாதங்களாக அவருடைய இடது கால்தான் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றால் மரத்துப்போகும். தொழிலோ நின்றே செய்கிற தொழில். அவர் உட்காரும்போதெல்லாம் மச்சினன் கத்தரியை எடுத்துக்கொள்வான். மச்சினன் தங்கமான பிள்ளை; கத்தரிக்கும் அவனுக்கும்தான் ஆகாது. கால் தேறாவிட்டால் கடை அவனுக்குத்தான் என்று மனைவி முடிவே செய்துவிட்டாள். அவளுடைய தம்பியாயிற்றே.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்ததால் காந்த ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர்.

"முதுகுத்தண்டுல ஊசி போட்டு ஒரு சாயம் விடுவோம். அது எங்க தடைபட்டு நிக்குதுன்னு எக்ஸ்ரேயில பாத்தா, நரம்பு எங்க அழுந்துதுன்னு தெரிஞ்சுடும்."

"கறுப்பா, பிரவுனா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. சலூன்காரரும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் ஊசியை இறக்கினார்கள். சாயம் மேல்முதுகு நோக்கி ஓடவேண்டும் என்பதற்காக மேசை தலைப்பக்கமாக மெல்லச் சாய்ந்தது. ஈய அங்கி மாட்டிய டெக்னீஷியன் எதிரே குந்தி, அவர் தாடையைத் தாங்கிக்கொண்டான்.

"தாடை தூக்கியே இருக்கட்டும்ணே. சாயம் தலைக்குள்ள போயிடக் கூடாது. ஆடாதீங்க."

அவருக்கே சொல்கிறான்.

மூக்குக்கு நேரே டெக்னீஷியனின் முகம். ஒரு கிருதா காதோடு நின்றிருந்தது. மற்றது கன்னத்தில் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"யாரு தம்பி வெட்டினது?"

"பேசாதீங்கண்ணே. உங்க கடையிலதான். உங்க மச்சினன்."

ஆடாதே ஆடிவிட்டார். கை தானாக எழுந்து டெக்னீஷியனின் தலையைப் பிடித்து நேராக்கியது. படம் கலங்கிப்போனது.

"என்னய்யா நடக்குது அங்க?" கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து டாக்டர் கத்தினார்.

"என் தலையைப் பிடிச்சிருக்காரு சார்."

"விடச் சொல்லு."

"நான் ஆடாம இருந்தா விடுறாராம்."

"சாயம் கரைஞ்சிட்டே இருக்கு. இன்னொரு தடவைதான் எடுக்க முடியும். அதுவும் கெட்டா இன்னொரு நாள் மறுபடி ஊசிதான்."

கண்ணைத் திறந்தால் கிருதா தெரியும். எனவே கண்ணை மூடினார். வாயையும் மூடினார்; இதைக் கடையில் யாரும் நம்பப்போவதில்லை. படம் பளிச்சென்று விழுந்தது. அடிமுதுகில் ஓரிடத்தில் சாயம் அணைபோட்டது போல் நின்றிருந்தது.

"ஒரே இடம்தான். ஆப்பரேஷன் பண்ணினா நின்னு வேலை பாக்கலாம்னு நம்பிக்கை இருக்கு. ஆனா ரெண்டு மூணு மாசம் கடைப் பக்கமே போகக் கூடாது" என்று வார்டுக்கு வந்து சொன்னார் டாக்டர்.

"அதுக்கென்ன, தம்பி பாத்துக்குவான்" என்றாள் மனைவி.

தலையை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தவர் கண்ணை மட்டும் டாக்டர் பக்கம் திருப்பினார்.

"ஆப்பரேஷனுக்குச் சம்மதம். கடை பூட்டியே கிடக்கட்டும்."

"வர்றவங்கல்லாம் வேற கடைக்குப் போயிடுவாங்களே!"

"போகட்டும். வேற கடைக்குப் போனவன் என்னைக்காவது திரும்பி வருவான். உன் தம்பிகிட்ட வெட்டிக்கிட்டவன் வீட்டை விட்டே வெளிய வரமாட்டான்."