அஞ்சலையம்மாவின் அடுப்படிக்கு நிறம் பார்த்த நாள்

குழம்புச் சட்டி மேடை விளிம்பில் பாதிக்கு மேல் வெளியே நின்றது. பிடித்துணி தேட நேரமில்லை. கையிலிருந்த, நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டாலேயே அதை உள்ளே தள்ளினேன். சங்கரா மீன் குழம்பு தளும்பி, கார்டில் வெள்ளை வகைகள் இருந்த பக்கமெல்லாம் சிவந்துபோனது. நேர் கீழே அஞ்சலையம்மாவின் பாதம் இருந்தது.

புதுச்சேரியில் ஒரு பெயின்ட் கடைக்காக வீடு வீடாகப் போய் நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், எந்த நிறத்தோடு எது சேரும் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அதை இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு நான் சொல்வது இந்தத் தேங்காய்த்திட்டு மீனவர் வீட்டுக் கதையைத்தான்.

வீட்டுக்காரர் குமரவேல், சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். அஞ்சலையம்மா அவருடைய தாய். கூடையில் மீன் விற்று மகனை ஆளாக்கியவர். கரி படிந்த சுவரும் கறுப்புக் கடப்பா மேடையுமாக இருந்த பழைய சமையலறையை இடித்துவிட்டு, குமரவேல் மாடுலர் கிச்சன் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை வந்துவிட்டது. கப்போர்டு கதவுகளுக்கு வெள்ளை பிரைமர், சுவருக்கு வெள்ளைப் பட்டி பூசியாகிவிட்டது. அதற்கு மேல் என்ன அடிப்பது என்று முடிவு செய்யத்தான் என்னை அழைத்திருந்தார். இத்தனைக்கும் நடுவில் அம்மா அங்கேயே சமைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனதும் குமரவேல் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இதே மாதிரி வேணும் மேடம். கதவும் வெள்ள, செவுரும் வெள்ள. பளபளன்னு இருக்கணும்."

இப்போது சட்டி நகர்ந்த சத்தம் கேட்டு ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னாம்மா அது?"

அஞ்சலையம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாதம்மா. எண்ணெ கால்ல கொட்டுனதுலேர்ந்தே அடுப்பாண்ட வராதன்றான். கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா கரண்டியக் கையில குடுக்க மாட்டான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டுனேன். சக்கரையால வந்துதாம். போன பார்வ வராது, இருக்கறத காப்பாத்திக்கன்னாரு."

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. கொதிக்கிற சட்டியை வைத்துக்கொண்டு ரகசியம் என்ன வேண்டியிருக்கிறது? ஆனால் அவர் பிடி தளரவில்லை. அதற்குள் மகன் உள்ளே வந்துவிட்டார்.

"கீழ்க் கப்போர்டுக்கு அடர் நீலம், பளபளக்காத மேட் ஃபினிஷ். சுவருக்கு நல்ல மஞ்சள் எமல்ஷன்" என்றேன்.

"நீலமும் மஞ்சளுமா? இது என்னா வீடா, மீன்புடி போட்டா? வெள்ளைய எழுதுங்க. இல்லன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கடையில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். "வெள்ளையை நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

சொன்னால் அந்த அம்மாவின் அடுப்பு போகும், சொல்லாவிட்டால் கால் போகும். அப்போது அஞ்சலையம்மாவே வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியலடா. மேட எங்க முடியுது, கதவு தொறந்திருக்குதா மூடியிருக்குதா, ஒண்ணும் தெரியல. எல்லாம் ஒரே பாலாட்டம் இருக்குது."

குமரவேல் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மிக மெதுவாகச் சொன்னார். "அப்ப நீ சமைக்கவே வேணாம்மா. ஆளு வெச்சுக்கலாம். நீ உக்காரு."

அந்த அம்மா உட்காரவில்லை. "உன் போட்டுக்கு ஏண்டா அவ்ளோ பெரிய செவப்புப் பட்ட அடிச்சு வெச்சிருக்க?"

"தூரத்துல வரும்போதே நம்ம போட்டுன்னு தெரியத்தான்."

"எனக்குக் கிட்ட இருக்கறதே தூரமாயிட்டுதுடா. எனக்கும் ஒரு பட்ட அடிச்சுக் குடு."

குமரவேல் ஒரு காலிச் சட்டியை எடுத்துத் தாயின் கையில் கொடுத்து, மேடையில் வைக்கச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த, நீலம் பூசிய சாம்பிள் போர்டை மேடை விளிம்புக்குக் கீழே ஒட்டிப் பிடித்தேன். அஞ்சலையம்மா ஒரு கணம் பார்த்தார். சட்டியை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, உள்ளே வைத்தார்.

போர்டை எடுக்கும்படி குமரவேல் எனக்குக் கண் காட்டினார். எடுத்துவிட்டேன். மறுபடி சட்டியைக் கொடுத்தார். இந்த முறை அது பாதி வெளியே நின்று சரிந்தது. கீழே விழுமுன் அவர் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீலமே அடிங்க மேடம்" என்றார், திரும்பாமலே. பிறகு தாயிடம், "எண்ணெச் சட்டிய மட்டும் நாந்தான் எறக்கி வெப்பேன்."

"நீ கடலுக்குப் போயிட்டா?"

அந்தக் கேள்விக்குப் பதில் எந்த ஷேட் கார்டிலும் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெள்ளை கேட்டால் வெள்ளையே கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கார்டை விரிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் அடுப்படியில் நிற்பவர் யாரோ அவரிடம் ஒரு காபி கேளுங்கள். அவர் போட்டு முடிக்கும் வரை பேச்சுக் கொடுக்காமல் அவருடைய கையைப் பாருங்கள்.