கிளறாத கற்கள்

பூட்ஸ் கம்பெனிக்குப் பின்னால், மதிலை ஒட்டி ஒரு வட்டப் பாதை உண்டு. முதலில் கூர்மையான கற்கள் நிரப்பிய குழி. அதைத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டி. பிறகு சேறு, முள் பரப்பிய ஒரு துண்டு நிலம், கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சரிவு. சிப்பாய்களுக்குப் போகும் பூட்ஸை முன்னதாக ஒருவர் மாட்டிக்கொண்டு, முதுகில் மணல் மூட்டையும் சுமந்து, பூட்ஸ் கிழிகிறவரை இதில் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அந்த ஒருவருக்குக் கம்பெனியில் செக்குமாடு என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் நாளடைவில் மாடு கழன்றுகொண்டது. செக்கு மட்டும் நின்றது.

செக்குவுக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை. கூப்பிட ஆள் இல்லாததுதான் வருத்தம். உள்ளே தையல் மெஷின்களுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பது ஜன்னல் வழியே தெரியும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. வீட்டுக்குப் போனால் ஒற்றை அறை. அங்கே பேசுவது ஒழுகும் குழாய் மட்டும்தான். அதுவும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அக்கா போன் செய்தால் "உம்", "சரி", "வச்சிடறேன்" என்ற மூன்றையும் இடம் மாற்றிப் போட்டு முடித்துவிடுவார்.

இப்படியிருக்க, மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டப்பந்தயக்காரர்கள் பஞ்சு மாதிரி ஷூ போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். சிப்பாய் மட்டும் ஏன் காலில் பாரத்தைக் கட்டிக்கொண்டு இழுக்கவேண்டும், அந்த ஷூவையே கொடுத்தால் என்ன? அதையும் சோதித்துப் பார்க்க இன்னொரு ஆளை எடுத்தார்கள். ஓடாமல் நின்றுபோன ஒரு பஸ் கம்பெனியில் கண்டக்டராக இருந்தவர். கால் வேலைக்குத்தான் எடுத்தார்கள். ஆனால் வந்தது வாய்.

முதல் சுற்றிலேயே சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார் கண்டக்டர்.

"கல்லுக்குழி, கல்லுக்குழி. இறங்குறவங்க முன்னாடி வாங்க. ஏம்மா, படியில நிக்காத, உள்ள போ. உள்ள தண்ணித்தொட்டிதான் இருக்கு, பரவால்ல, போ."

செக்கு திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. தன்னோடுதான் பேசுகிறார் என்று புரியவே பாதிச் சுற்று ஆனது.

"தலைவரே, உங்க காலுல இருக்கிறது பூட்ஸா, அம்மிக்கல்லா?"

"கனம்தான்."

"எதுக்கு இம்புட்டுக் கனம்? என்னுதைப் பாருங்க, போட்டிருக்கிறதே தெரியல."

"மூட்டையோட கல்லு மேல கால் வச்சா கணுக்கால் புரளும். இது மேல வரைக்கும் பிடிச்சுக்கும். முள்ளு ஏறாது. தண்ணி சீக்கிரம் உள்ள வராது." இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று செக்குவுக்கே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மா வந்து கண்டக்டரின் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் துணி நைந்திருந்தது. கண்டக்டரின் பாதம் ஊறிப்போய் வெளுத்திருந்தது.

"தையல் விட்டாலோ, கால்ல அடிபட்டாலோ சோதனை முடிஞ்சுது. அன்னைக்கே இவரை அனுப்பிடலாம். தாங்கிடுச்சுன்னா இன்னும் ரெண்டு மூணு விதம் வருது, இவரே இருக்கட்டும்," என்றார் அவர், செக்குவைப் பார்த்து.

அங்கேதான் செக்குவின் மனம் புரண்டது.

கல்லுக்குழியில் நடக்க நடக்கக் கற்கள் படிந்து, ஒற்றையடிப் பாதை மாதிரி ஆகிவிடும். அதனால் தினமும் காலையில் இரும்பு வாரியால் அவற்றைக் கிளறிப் புரட்டிவிட வேண்டும். அது செக்குவின் வேலை. மறுநாள் காலை வாரியைக் கையில் எடுத்தவர், அதை மதிலில் சாய்த்துவிட்டு வந்துவிட்டார். தொட்டியில் தண்ணீரையும் பாதிதான் விட்டார். முள் பரப்பில் தான் முன்னால் போய், பூட்ஸால் அழுந்த மிதித்து வழி செய்தார்.

"தலைவரே, நீங்க போற தடத்துலயே வந்தா சொகுசு பஸ்ஸுல போற மாதிரி இருக்கு," என்றார் பின்னால் கண்டக்டர்.

"அப்படியே வாங்க."

ஷூ தாங்கியது. செக்குவும் தாங்கினார், முகத்தில் வந்த சிரிப்பை. சில்லறை இல்லாமல் ஏறும் கனவான், தூங்கிக்கொண்டே ஊர் தாண்டிப் போகும் மாமா, பிள்ளையின் வயதை வருஷா வருஷம் குறைத்துச் சொல்லும் அம்மா என்று கண்டக்டரின் வாய்க்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் செக்குவோடு நடந்தார்கள். அந்த வாரம் அக்கா போன் செய்தபோது, செக்கு அந்த மாமாவைப் போலவே குறட்டை விட்டுக் காட்டினார்.

"யாருப்பா நீ? என் தம்பிகிட்ட போனைக் குடு," என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் அம்மாவுக்கும் ஆச்சரியம். "நானே நம்பல. இந்த வாரமும் தாங்கிட்டா எழுதி அனுப்பிடுவேன். மலைக்காவலுக்குப் போற பசங்களுக்குத்தான் முதல்ல குடுக்கப் போறாங்களாம்."

செக்கு தலையை ஆட்டினார். அன்று மத்தியானம் கல்லுக்குழியைத் தாண்டும்போது கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்தக் கல்லைப் பாருங்க தலைவரே. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒதுங்கி நிக்கிற மாதிரி வழி விடுது. மலையில சிப்பாய்க்கும் இப்படித்தான் வழி விடுமா?"

சிரிப்புக்குச் சொன்னதுதான். செக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையோடு இருட்டில் இறங்கும் ஒரு பையனின் கணுக்கால் கண் முன்னால் வந்தது. அவனுக்கு முன்னால் தடம் போட்டுக்கொண்டு போக யார் இருப்பார்கள்? மிச்சச் சுற்றெல்லாம் கண்டக்டர் கேட்டதற்கு "உம்" கொட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை வாரியை எடுத்துக் கிளறினார். படிந்து கிடந்த கற்கள் பிடிவாதமாகப் பெயர்ந்து, முனைகளை மேலே காட்டின. தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். புதுசாக முள் பரப்பினார்.

கண்டக்டர் வந்ததும், "இன்னைக்குக் கல்லு கிளறியிருக்கு. பாத்து வாங்க," என்றார். ஒரு நொடி கழித்து, "மூட்டையை வேணும்னா நான் வாங்கிக்கிறேன்."

"டிரைவரே மூட்டை தூக்கினா பஸ்ஸை யாரு ஓட்டுறது? போங்க தலைவரே."

செக்கு முன்னால் போனார். காலுக்கடியில் ஒரு கல் உருண்டது. பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடித்து நிமிர்த்தியது. பின்னால் இன்னொரு கல் உருளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, ஆள் உட்காரும் சத்தம். திரும்பினார். கண்டக்டரின் பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஷூவின் ஓரம் வாய் பிளந்திருந்தது.

மூட்டையை இறக்கிவிட்டு அவரைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தார் செக்கு. கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா கிளறலையா தலைவரே?"

"கிளறல."

"ஏன்?"

செக்கு அவிழாத ஷூக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவர் குனிந்த தலையையே பார்த்தார். எவ்வளவோ பயணிகளைப் பார்த்த கண். இறங்க மனசில்லாமல் கடைசி ஸ்டாப்பிங்வரை வருகிறவர்களும் அவர்களில் உண்டு.

"சரி விடுங்க," என்றார் கடைசியில். "வலி கிடக்கட்டும். வண்டி ஓடுனவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

சூப்பர்வைசர் அம்மா ஓடிவந்தார். "இவ்வளவு நாள் நல்லா இருந்துச்சே?"

"அதெல்லாம் கணக்குல சேக்காதீங்கம்மா. நான் கல்லைக் கிளறவே இல்ல."

அவர் செக்குவைப் பார்த்தார், தேய்ந்த விசிலைக் கையில் பிடித்திருந்த கண்டக்டரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு, "வண்டியை வரச் சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஷூ யோசனை அத்தோடு மூடப்பட்டது. கண்டக்டரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஜன்னலிலிருந்து அவர் கை ஆட்டினார். செக்குவும் ஆட்டினார். வண்டி போன பிறகும் கை இறங்க மறந்திருந்தது.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள். "அந்தக் குறட்டை விடுற ஆளு எங்கடா?"

"உம்."

"என்ன உம்?"

"சரிக்கா, வச்சிடறேன்."

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

இப்போதும் தினமும் காலையில் செக்கு கற்களைக் கிளறுகிறார், முன்னைவிட ஆழமாக. ஒரு மத்தியானம் கல்லுக்குழிக்கு நடுவில், அவரையும் அறியாமல், பின்னால் வருகிறவருக்கு வழி விடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்றார். யாரும் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். ஜன்னலுக்குள் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டது. யாரோ ஒரு கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தார்.

செக்கு மூட்டையை ஒருமுறை தூக்கிச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்.