கிரில் கதவின் பச்சை விளக்கு

என் மகளுக்குப் பதினொரு வயது. பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் போதும், பஸ் பார்க்க ரோட்டுக்கு ஓடிவிடுவாள். ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலே வீடுதான். இரண்டு முறை டிரைவர்கள் பிரேக் அடித்துக் கத்தியிருக்கிறார்கள். தாழ்ப்பாளைத் திறக்க அவள் எப்போதோ கற்றுக்கொண்டாள். அதனால்தான் வராந்தா கிரில் கதவுக்குக் காந்தப் பூட்டு மாட்ட ஆளை வரச்சொன்னேன்.

கரண்ட் இருக்கும்வரை காந்தம் கதவைப் பிடித்துக்கொள்ளும்; பட்டனை அமுக்கினால் விட்டுவிடும். வந்தவரிடம் தாழ்ப்பாள் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன்.

“அங்க வேணாம்க்கா. பாப்பா விரல நசுக்கிக்கிரும். மேல, கீலுக்கு எதிர்ப்பக்கம் போடுவோம். அங்கதான் பிடி நிக்கும்,” என்றார்.

சரி என்றேன். சண்டை வந்தது பட்டனில்தான். கையை உயர்த்தி, விரல்நுனி முட்டும் இடத்தைக் காட்டினேன்.

“இம்புட்டு ஒசரத்துலயா? நாளப்பின்ன அவளே அமுக்க வேணாமா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அவ போயிறக் கூடாதுன்னுதாண்ணே உங்களக் கூப்பிட்டதே. சொன்ன இடத்துல போடுங்க.”

அவர் அங்கேயே துளை போட்டார். எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தராதவர் இவர் ஒருத்தர்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் போனால் பூட்டுக்குப் பேட்டரி வேண்டுமா என்று கேட்டார். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று அதற்கும் வெட்டிப் பேசினேன்.

அடுத்த மாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று அறிவித்தார்கள். எட்டு மணிக்குள் தொட்டியை நிரப்பி, மாவரைத்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றி எல்லாம் தயார். இன்வெர்ட்டர் லைன் உள்ளே ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான், பூட்டு ஓடும் வராந்தா பிளக்குக்குப் போகவில்லை என்பது புத்தியில் ஏறவே இல்லை.

பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து என் ஈரக்கையைப் பிடித்து இழுத்தாள். வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். பூட்டின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. கதவு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் விளக்கைக் காட்டினாள். பிறகு தன் செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

 எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. செருப்பை மாட்டிவிட்டு, கைகோத்துப் போய், மூன்று பஸ் போகும்வரை ரோட்டோரம் நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டு மாட்டியவருக்குப் போன் போட்டேன். “பேட்டரி போடணும்ணே. கதவுல நான் ஒரு மணி கட்டிக்கிறேன். அந்தப் பட்டனக் கொஞ்சம் கீழ எறக்கணும்.”

“எம்புட்டுக்கா?”

மகளைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன்.

“அவ தோள் ஒசரத்துக்கு.”