பெட்டி வரவில்லை, கண் தப்பியது

தொண்ணூறுகளின் கடைசியில், லண்டனில் வாழும் என் தம்பி ரமணன் தன் பெயிண்ட்பால் குழுவோடு டெக்சாஸில் நடந்த ஒரு போட்டிக்கு வந்தான். சாய உருண்டைகளைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் ஆட்டம் அது. ஆதரவு தர எந்த நிறுவனமும் இல்லாததால், வேலைக்கு லீவு போட்டு, சொந்தச் செலவில் வந்து, அதே மாநிலத்தின் ரிச்சர்ட்சன் நகரில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். துப்பாக்கிகளை இயக்கும் காற்று சிலிண்டர்களை விமானத்தில் ஏற்ற விடவில்லை. முகக்கவசங்கள் இருந்த பெட்டியும் வந்து சேரவில்லை.

நண்பர் ஒருவரின் காலி நிலத்தில், இரவல் துப்பாக்கிகளோடு பயிற்சி செய்யப் போனார்கள்; நானும் கூடப் போனேன். என் கணவர் மரவேலைக்குப் போடும் கண்ணாடியை ரமணன் மாட்டிக்கொண்டான்.

"இந்தக் கண்ணாடி பாதுகாப்புக்குக் காணுமாடா?" என்றேன்.

"பிராக்டிஸ்தானே அக்கா. இவ்வளவு தூரம் வந்திட்டு விளையாடாமல் போறதே?"

சிறிது நேரத்தில் ஓர் உருண்டை கண்ணாடியை உடைத்தது. முகமெல்லாம் சாயமும் ரத்தமும் கலந்து வழிந்தன. அவனை ஏற்றிக்கொண்டு எமர்ஜென்சிக்கு டிரைவ் பண்ணினேன். புருவத்தில்தான் வெட்டு, பார்வைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆள் குறைந்ததால் குழு போட்டியில் இறங்கவேயில்லை. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகம் வருத்தியது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து யார் விளையாடப் புறப்பட்டாலும், கவசத்தைக் காட்டாமல் கார்ச் சாவி கிடைக்காது.